ஒரு பன்னாட்டு வணிகப் பள்ளியின் ஓராண்டு முன்னேற்றத்தை எதைக் கொண்டு எழுதுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல நாட்டு மாணவர்கள் பயிலும் ஒரு வணிகப் பள்ளியில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் டீன் பொறுப்பேற்று ஓராண்டு நிறைவடைந்திருப்பதால், ஆண்டறிக்கையில் ‘முன்னேற்றமும் தலைமையும்’ என்ற பகுதியை எழுதும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது. நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்குக்குக் குறிப்புகளை அனுப்பிவிட்டது. தரவரிசையில் பள்ளி சில இடங்கள் முன்னேறியிருக்கிறது. சேர்க்கை பெற்ற மாணவர்களின் சராசரி ஜிமேட் (வணிகப் பள்ளி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியுள்ளன. வேலைவாய்ப்பு விழுக்காடு உயர்ந்திருக்கிறது. மாணவர்கள் எத்தனை நாடுகளிலிருந்து வந்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும், கைகுலுக்கும் படங்களும் நிறையவே இருக்கின்றன.

இவற்றை வரிசையாக அடுக்கினாலே நான்கு பக்கங்கள் நிறைந்துவிடும். ஆனால் அப்படி எழுத என் மனம் ஒப்பவில்லை. இவற்றில் எது உண்மையிலேயே இந்த ஆண்டில் நடந்தது, எது டீனின் முடிவால் நடந்தது, எது முன்பே தொடங்கி இப்போது கைக்கு வந்தது என்று என்னால் பிரித்துப் பார்க்க இயலவில்லை. இத்தகைய அறிக்கைகளை எழுதியவர்களோ, மதிப்பிட்டவர்களோ இங்கு இருந்தால் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (தரச்சான்று மதிப்பீட்டுக் குழுக்களில் பணியாற்றியவர்)

வணக்கம். உங்கள் தயக்கம் சரியானது. நீங்கள் கேட்டிருக்கும் பிரிவினையைச் செய்யாத ஆண்டறிக்கைகளையே பெரும்பாலும் படித்திருக்கிறேன். அவற்றால் அந்தப் பள்ளிகளுக்கே பயன் இருந்ததில்லை.

முதலில் தரவரிசையை எடுத்துக்கொள்வோம். பைனான்சியல் டைம்ஸ் இதழின் எம்.பி.ஏ. தரவரிசை, படித்து முடித்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆனவர்களிடம் கேட்டுத் தொகுக்கப்படுவது. 2025 பிப்ரவரியில் வெளியான பட்டியலுக்காக 2021-இல் பட்டம் பெற்றவர்களைக் கேட்டார்கள். அவர்கள் பள்ளிக்குள் நுழைந்தது அதற்கும் முன்பு. மேலும் ஊதியம் போன்ற அளவைகளில் புதிய பதில்களுக்குப் பாதி எடையும், முந்தைய இரண்டு ஆய்வுகளுக்குக் கால்வாசி வீதம் எடையும் தருகிறார்கள். ஆகவே இன்று பள்ளி ஓரிரு இடங்கள் ஏறினாலும் இறங்கினாலும் அது பெரும்பாலும் முந்தைய டீனின் காலத்துச் சேர்க்கையையும் பாடத்தையும், அன்றைய வேலைச் சந்தையையுமே காட்டுகிறது. அளவைகளும் மாறுகின்றன: ஊதியமும் ஊதிய உயர்வும் சேர்ந்து முன்பு 40 விழுக்காடு எடை பெற்றன; 2023 முதல் அது 32 ஆனது. அத்தகைய ஓர் ஆண்டில் இடம் மாறிய பள்ளி, உள்ளே எதையுமே மாற்றாமலும் இடம் மாறியிருக்கலாம். தரவரிசையை ஒரே வாக்கியத்தில், எந்த ஆண்டு மாணவர்களைப் பற்றியது என்ற குறிப்புடன் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

தரச்சான்றும் இப்படித்தான். வணிகப் பள்ளிகளுக்குத் தரச்சான்று வழங்க 1916-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏ.ஏ.சி.எஸ்.பி. அமைப்பின் மறுஆய்வு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. ஐரோப்பாவின் ஈக்விஸ் சான்று மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படுவது. அந்தச் சான்று இந்த ஆண்டு கைக்கு வந்தது என்றால், அதற்கான தன்மதிப்பீட்டு அறிக்கையை எழுதியவர்கள், குழுவின் முன் அமர்ந்து பதில் சொன்னவர்கள், பல ஆண்டுகள் தரவுகளைச் சேகரித்த அலுவலர்கள் ஆகியோர் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்பை டீனின் ஓராண்டுச் சாதனையாக எழுதினால், உள்ளே இருப்பவர்கள் அறிக்கையின் மற்றப் பகுதிகளையும் நம்ப மாட்டார்கள்.

அப்படியானால் ஓராண்டில் ஒரு டீனின் கையில் உண்மையாக இருப்பது என்ன? என் அனுபவத்தில் அது முதன்மையாக ஆசிரியர் நியமனமும், ஆசிரியர்களின் நேரப் பங்கீடும்தான். நியமனம் என்பதே ஓராண்டு வேலை: எந்தத் துறைக்கு இடம் என்று முடிவு செய்து, விளம்பரம் கொடுத்து, விண்ணப்பதாரர் தம் ஆய்வை முன்வைப்பதைக் கேட்டு, வாக்களித்து, ஒப்பந்தம் அனுப்பி, அவர் வந்து சேர்வதற்குள் அடுத்த கல்வியாண்டு பிறந்துவிடும். எனவே இந்த ஆண்டில் புதிதாக வந்து சேர்ந்தவர்களின் பட்டியல் முந்தைய முடிவைக் காட்டுகிறது. இந்த டீனின் முடிவை அறிய, எந்த இடங்களுக்கு இப்போது விளம்பரம் போயிருக்கிறது, எந்தத் துறைக்குக் கேட்டும் இடம் மறுக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். மறுக்கப்பட்டதில்தான் முன்னுரிமை தெரியும்.

நேரப் பங்கீட்டுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஏ.ஏ.சி.எஸ்.பி.யின் 2020 தரநிலைகள், பாடம் நடத்திவிட்டுப் போவதோடு நில்லாமல் பள்ளியின் குழுக்களிலும் மாணவர் வழிகாட்டலிலும் பங்கேற்கும் ஆசிரியர்களைத் தனி வகையாகக் கருதுகின்றன. பொதுவாக, மொத்தக் கற்பித்தலில் 75 விழுக்காடும், ஒவ்வொரு துறையிலும் 60 விழுக்காடும் அவர்களிடம் இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. உங்கள் பள்ளியில் துறைவாரியாக இந்த எண்ணை எடுத்துப் பாருங்கள். மொத்தத்தில் சரியாக இருந்து, நிதித் துறையிலோ வணிகப் பகுப்பாய்விலோ மட்டும் வருகைதரு ஆசிரியர்களே பாடச் சுமையைத் தாங்கிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். ஓராண்டில் அந்த ஒரு துறையின் நிலை மாறியிருந்தால், அதுவே எழுதத் தகுந்த முன்னேற்றம். அதற்காக ஆராய்ச்சி விடுப்பை யாருக்கோ தள்ளிவைத்திருந்தால் அதையும் எழுத வேண்டும்.

மறுமொழி 2 (சேர்க்கை மற்றும் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பணியாற்றியவர்)

மேலே சொன்னவரோடு முழுமையாக உடன்படுகிறேன். உங்கள் குறிப்புகளில் உள்ள இரண்டு எண்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜிமேட் சராசரி குறைந்தது என்கிறீர்கள். அது குறையவே இல்லாமல் இருக்கலாம். 2023 நவம்பரில் தேர்வின் புதிய வடிவம் வந்தது. பழைய வடிவம் 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பழைய மதிப்பெண் 200 முதல் 800 வரை. புதியது 205 முதல் 805 வரை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒப்பிடத் தக்கவை அல்ல. புதிய தேர்வில் 645 எடுத்தவர், பழைய தேர்வில் 700 எடுத்தவருக்கு ஏறத்தாழ இணையானவர். இரண்டு வடிவ மதிப்பெண்களையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்திருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. விழுக்காட்டு நிலைக்கு (தேர்வெழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினரைவிட முன்னால் இருக்கிறார் என்ற அளவுக்கு) மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள். எத்தனை பேர் தேர்வே எழுதாமல் விலக்குப் பெற்றுச் சேர்ந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிலடெல்பியாவிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் வணிகப் பள்ளி, யு.எஸ். நியூஸ் இதழின் இணையவழி எம்.பி.ஏ. தரவரிசையில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதலிடம் என்று அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரியில், சேர்ந்த மாணவர் அனைவரும் ஜிமேட் மதிப்பெண் கொடுத்ததாகச் சொன்ன தகவல் தவறு என்று வெளிப்பட்டது. 255 பேரில் உண்மையில் கொடுத்தவர்கள் 50 பேர்தான். தரவரிசையிலிருந்து அந்தப் படிப்பு நீக்கப்பட்டது. பள்ளியின் முன்னாள் டீன் மோசடி வழக்கில் 2021-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2022-இல் 14 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த ஆண்டுகளின் அறிக்கைகளைப் பள்ளியின் பொற்காலம் என்று நம்பி வாசித்த மாணவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆண்டறிக்கை எழுதுபவர் ஓர் எண்ணை எங்கிருந்து வந்தது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று. அது அவருடைய கடமை.

வேலைவாய்ப்பு விழுக்காட்டில் கேட்க வேண்டியது வகுக்கும் எண் எது என்பதே. வழக்கமாக, படிப்பு முடிந்து மூன்று மாதங்களுக்குள் வேலை கிடைத்தவர்களை, வேலை தேடியவர்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். குடும்பத் தொழிலுக்குத் திரும்புவோர், அனுப்பிய நிறுவனத்துக்கே திரும்புவோர், மேற்படிப்புக்குச் செல்வோர் ஆகியோரைக் கழிப்பது நியாயம். எடுத்துக்காட்டாக, 100 பேர் வகுப்பில் 72 பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பேரைக் கழித்தால் 80 விழுக்காடு. 20 பேரைக் கழித்தால் 90 விழுக்காடு. ஒருவருக்குக்கூடக் கூடுதலாக வேலை கிடைக்காமல் பத்து விழுக்காடு உயர்ந்துவிட்டது. நான் பணியாற்றிய ஓரிடத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் தராதவர்களையும் ‘வேலை தேடாதவர்’ என்ற நிரலில் சேர்த்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பின்னர் என்னிடம் பேசியபோது, வேலை கிடைக்காத வெட்கத்தால்தான் பதில் எழுதவில்லை என்றார். அன்றிலிருந்து அந்த நிரலைப் பெயர் பெயராகப் படிக்காமல் நான் எந்த விழுக்காட்டையும் வெளியே கொடுத்ததில்லை.

மறுமொழி 3 (முன்னாள் மாணவர்)

ஒப்பந்தங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையெழுத்தான ஆண்டில் அவற்றை முன்னேற்றம் என்று எழுதாதீர்கள். எத்தனை மாணவர்கள் போனார்கள், அங்கே படித்த பாடங்களுக்கு இங்கே மதிப்பலகு (கிரெடிட்) கிடைத்ததா என்று எழுதுங்கள். பார்சிலோனாவின் ஐ.ஈ.எஸ்.ஈ. பள்ளி 1963-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியுடன் கூட்டுக்குழு அமைத்து, 1964-இல் ஐரோப்பாவின் முதல் இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கியது. ஒத்துழைப்பு என்றால் அப்படி ஒரு படிப்பு பிறக்க வேண்டும். உங்கள் பழைய ஒப்பந்தங்களில் எத்தனை இப்போது உயிரோடு இருக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள். பயனற்ற ஒன்றை டீன் முடித்துவைத்திருந்தால் அதுவும் நல்ல தலைமைதான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஜிமேட் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இரண்டு வடிவங்களும் கலந்துதான் இருக்கின்றன. இன்னும் ஒரே ஓர் ஐயம். ‘பன்னாட்டு’ என்ற சொல் எங்கள் பள்ளியின் பெயரிலேயே இருப்பதால், நாடுகளின் எண்ணிக்கையை முன்பக்கத்தில் போட வேண்டும் என்கிறார்கள். அது எதையாவது காட்டுகிறதா?

மறுமொழி 4 (மூத்த பேராசிரியர்)

கடவுச்சீட்டுகளின் எண்ணிக்கை, யார் உள்ளே வந்தார்கள் என்பதைக் காட்டும். வந்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்களா என்பதைக் காட்டாது. இன்சியாட் வணிகப் பள்ளி 1957-இல் பிரான்சின் ஃபோன்டேன்புளோவில் தொடங்கப்பட்டு, 2000-இல் சிங்கப்பூரில் இரண்டாவது வளாகத்தைத் திறந்தபோது, அதைக் கிளையாக வைக்காமல் மாணவர்களும் ஆசிரியர்களும் இரண்டுக்கும் இடையே மாறிச் செல்லும்படி அமைத்ததையே நான் பெரிதாகக் கருதுகிறேன். கலப்பது என்பதை அமைப்பிலேயே வைக்க வேண்டும்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். முன்பு நான் பணியாற்றிய பள்ளியில் புதிய டீன் ஒருவர் வந்த மூன்றாவது வாரம், என் வியூக மேலாண்மை வகுப்பில் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். அன்று நேர்வு ஆய்வுக்கான (கேஸ் ஸ்டடி) குழுவேலை. ஒவ்வொரு குழுவிலும் நான்கு நாட்டவர். தாளில் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் ஆங்கிலம் சரளமாக வருபவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, மற்ற மூவரும் தலையசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி, தான் பணியாற்றிய துறையைப் பற்றிய நேர்வாக இருந்தும், ஏட்டின் ஓரத்தில் எண்களை எழுதி வைத்துக்கொண்டு கடைசிவரை வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் டீன் அவரிடம் போய் அந்த எண்களைப் பற்றிக் கேட்டார். நாங்கள் யாரும் கவனிக்காத ஒரு செலவுக் கணக்கு அதில் இருந்தது.

அடுத்த பருவத்தில் பெரிய அறிவிப்பு எதுவும் வரவில்லை. குழுவில் யார் முன்வந்து பேசுவது என்பதை வகுப்பறை வாசலில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது என்ற ஒரே விதிதான் வந்தது. சரளமானவர்கள் முதல் இரண்டு வாரங்கள் முறையிட்டார்கள். மதிப்பெண் போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு. டீன் விதியைத் தளர்த்தவில்லை. ஆனால் பேசத் தயங்குபவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கினார். பருவத்தின் இறுதியில், குழுக்கள் முந்தைய இரவே ஒருவருக்கொருவர் முழு நேர்வையும் விளக்கிக்கொண்டிருந்தன. யார் பேர் வரும் என்று தெரியாதே! அந்த ஆண்டின் அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை.

உங்கள் பள்ளியிலும் இப்படி ஒன்று நடந்திருக்கலாம். பாடத்திட்டக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். நிகழ்ச்சிப் படங்களில் அது கிடைக்காது.

கேள்வி கேட்டவர்

அம்மா, தங்கள் பதிலைப் படித்த பிறகு கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கினேன். இரண்டாம் பருவத்தில், கணக்கியல் அடிப்படைப் பாடத்தில் தொடர்ந்து தோல்வியடைந்த முதல் தலைமுறை மாணவர்களுக்காக, வகுப்பு தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே ஓர் ஆயத்தப் பாடத்தை டீன் கொண்டுவந்திருக்கிறார்; அதற்கு ஆசிரியர் கிடைக்காதபோது அவரே முதல் வாரம் நடத்தியிருக்கிறார். என் அறைக்கு எதிரே நடந்த வகுப்பு அது. எனக்குத் தெரியாமல் போயிற்று. முதல் பக்கத்தை அதிலிருந்து தொடங்குகிறேன். தரவரிசை, எந்த ஆண்டு மாணவர்களைப் பற்றியது என்ற குறிப்புடன் நான்காம் பக்கத்துக்குப் போகிறது. வேலைவாய்ப்பு நிரலைப் பெயர் பெயராகப் பார்க்க நாளை காலை அந்த அலுவலகத்தில் நேரம் கேட்டிருக்கிறேன்.