1987-இல் திருமணமான மகளுக்குப் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டா? அண்ணன் காட்டும் உயில் குறித்து

கேள்வி (காவிரிக்கரை மகள்):

வணக்கம். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில், பாட்டனாருக்கு அவருடைய தந்தை வழியில் வந்த நஞ்சை 1 ஏக்கர் 80 சென்ட் எங்களுக்கு உள்ளது. பாட்டனார் 1951-இல் காலமானார். அப்பா அவருக்கு ஒரே பிள்ளை. அப்பா தம் சம்பளத்தில் கட்டிய வீடு ஒன்றும் இருக்கிறது. 2021-இல் அப்பா காலமாகி ஓராண்டு கழிந்த பிறகு, எல்லாவற்றையும் தமக்கே எழுதிவைத்ததாக அண்ணன் ஓர் உயிலைக் காட்டினார். அது பதிவு செய்யப்படாதது. வாழ்நாள் முழுவதும் கையெழுத்திட்டு வந்த அப்பாவின் கைநாட்டுதான் அதில் இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் அண்ணனின் மைத்துனர். பட்டாவும் அண்ணன் பெயருக்கு மாறிவிட்டது. 1987-இல் திருமணமான எனக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கே கிடையாது என்றும், 1998-இல் அப்பாவும் தாமும் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டதாகவும் அவர் சொல்கிறார். அம்மா அவரிடம்தான் இருக்கிறார். வழக்குக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் உரிமை எதுவரை என்று தெரியாமல் அண்ணனிடம் பேசவும் முடியவில்லை.

பதில் (தஞ்சை வழக்கறிஞர்):

சகோதரி அவர்களுக்கு வணக்கம். உயில் மெய்யா பொய்யா என்று ஆராய்வதற்கு முன்னால், உங்கள் தந்தையாரால் எதை உயிலில் எழுதிவைக்க முடியும் என்று பார்க்க வேண்டும்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டம், 25.3.1989-க்கு முன் திருமணமான மகள்களை விலக்கியது உண்மை. ஆனால் 9.9.2005 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குரிமை உடையவர் என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 11.8.2020 அன்று தீர்ப்பளித்தது. 20.12.2004-க்கு முன் பதிவுப் பத்திரத்தின் மூலமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாணையின் மூலமாகவோ நடந்த பாகப்பிரிவினையைத்தான் அத்திருத்தம் தொடவில்லை. வாய்மொழிப் பிரிவினை என்றால், அதைப் பொது ஆவணங்கள் தெளிவாக ஆதரிக்கும் அரிதான நிலையில்தான் நீதிமன்றம் ஏற்கும்.

ஆகவே நஞ்சையில் தந்தையார், அண்ணன், நீங்கள் ஆகிய மூவருக்கும் ஆளுக்கு 60 சென்ட். உயில் முழுக்க உண்மையாகவே இருந்தாலும் அது தந்தையாரின் 60 சென்ட்டை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்கள் 60 சென்ட்டை அது தொடவே முடியாது. உயில் செல்லாது என்றானால், தந்தையாரின் பங்கு அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் தலா 20 சென்ட்டாகப் பிரியும். அப்போது உங்களுக்கு 80, அண்ணனுக்கு 80, அம்மாவுக்கு 20. வீட்டின் நிலை வேறு. அது தந்தையாரின் சுயார்ஜிதம், அதாவது அவரே ஈட்டிய சொத்து என்பதால், உயில் நின்றால் முழுதும் அண்ணனுக்கு. இல்லையென்றால் மூவருக்கும் சமபங்கு.

பதிவு செய்யாததாலோ, மைத்துனர் சாட்சி என்பதாலோ மட்டும் உயில் செல்லாமல் போய்விடாது. ஆனால் சாட்சிகள் இருவர் சான்றொப்பமிட்டிருக்க வேண்டும். வழக்கு வந்தால், உயிருடன் இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது விசாரித்து அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அண்ணனுடையது. உயிலால் பெரும்பயன் அடைபவரே அதை எழுதுவதில் முன்னின்றிருந்தால், அந்த ஐயத்தையும் அவரே போக்க வேண்டும் என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பட்டா மாறியதைக் கண்டு கலங்க வேண்டாம். பட்டா உரிமைப் பத்திரம் அன்று.

பதில் (திருவையாறு வாசகி):

இதே இடத்தில் நான் நின்றிருக்கிறேன், அக்கா. அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்த மறுவாரமே, வங்கிக் கடனுக்குத் தேவை என்று சொல்லி என் தம்பி என்னைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றான். படிக்காமலே கையெழுத்திட்டேன். அது என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது எனக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மாவைப் பார்க்கப் போகும்போது உங்கள் முன் எந்தத் தாளை நீட்டினாலும், அதை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். உங்கள் அம்மாவிடமும் தனியாக இதைச் சொல்லிவையுங்கள். அவருடைய பங்கைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

காவிரிக்கரை மகள்:

இருவருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கடைசி ஆண்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்திருந்தது. அப்படியானால் கைநாட்டை நான் குறையாகச் சொல்வது நியாயமா?

பதில் (தஞ்சை வழக்கறிஞர்):

நீங்களே கேட்டது நல்லது. வலக்கை செயலிழந்தவர் கைநாட்டு வைப்பது இயல்பு; அதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால் உங்கள் தரப்பு வலுவிழக்கும். உயில் எழுதிய நாளில் தந்தையாருக்கு நினைவும் பேச்சும் தெளிவாக இருந்தனவா என்பதே உண்மையான கேள்வி. மருத்துவமனைக் குறிப்புகளின் நகலை இப்போதே கேட்டுப் பெறுங்கள். நிலத்துக்கு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். அண்ணன் அதை ஏற்கெனவே அடமானம் வைத்தோ விற்றோ இருந்தால் காத்திருப்பதற்கு நேரம் இல்லை.

உயிலைப் பற்றிய சர்ச்சையை ஒதுக்கி வைத்து, உங்கள் 60 சென்ட்டிலிருந்து அண்ணனிடம் பேச்சைத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அதற்கு அவர் உயிலைப் பொய்யென்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவர் இசைந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, அம்மாவையும் அதில் சேர்த்துப் பதிவு செய்துவிடலாம். இசையாவிட்டால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து, முதலில் சமரசத்துக்கு அண்ணனை அழைக்கச் சொல்லுங்கள்.