கித்தோவில் தலைவலி, வேகாத பருப்பு, வாங்க மறுக்கும் 20 டாலர் நோட்டு: உதவி தேவை

மஞ்சப்பை:
நானும் கணவரும் முதுகுப்பையோடு தென் அமெரிக்கா சுற்றக் கிளம்பியிருக்கிறோம். முதல் ஊர் ஈக்வடாரின் தலைநகர் கித்தோ. முந்தாநாள் இரவு வந்து இறங்கினோம். தங்கியிருப்பது பழைய நகரத்தில், சான் பிரான்சிஸ்கோ மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து ஹாஸ்டலில். ஊர் அழகுதான், அதில் குறையில்லை. ஆனால் இந்தச் சிக்கல்களுக்கு வழி தெரியவில்லை.

நேற்றுக் காலையிலிருந்து அவருக்குத் தலைவலி. சாப்பாடு இறங்கவில்லை, இரவில் தூக்கமும் இல்லை. மாடிப்படி ஏறினால் எனக்கும் மூச்சு வாங்குகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த எலக்ட்ரிக் கெட்டிலை அடாப்டர் போட்டுச் செருகினால் விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் கொதிப்பதே இல்லை. சரி என்று ஹாஸ்டல் கேஸ் அடுப்பில் துவரம்பருப்பு வைத்தேன். ஒன்றரை மணி நேரம் தளதளவென்று கொதித்தும் பருப்பு கல்லு மாதிரியே இருக்கிறது. கடைக்குப் போனால் 20 டாலர் நோட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டுகிறார்கள். நோட்டு நல்ல நோட்டுதான், ஏடிஎம்மில் வந்தது.

நாங்கள் இருவரும் சைவம், முட்டை சாப்பிடுவோம். இன்று மதியம் கேபிள் காரில் மேலே போகலாம் என்று நினைக்கிறோம். போகலாமா?

மலையேறி:
சகோதரி, முதலில் கேபிள் காரை இன்றைக்கு விடுங்கள். கித்தோ 2,850 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637தான். அதற்கும் மேலே ஒரு தலைநகரமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். அவருக்கு வந்திருப்பது பெரும்பாலும் உயரத் தலைவலி. வந்திறங்கிய சில மணி நேரத்திலோ மறுநாளோ தொடங்கும், அதே உயரத்தில் ஓய்வாக இருந்தால் ஓரிரு நாளில் தணியும். கேபிள் கார் கொண்டுபோய் விடும் குரூஸ் லோமாவோ 4,000 மீட்டரை நெருங்குகிறது. தலைவலியோடு அங்கே ஏறுவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஒன்று கேட்க வேண்டும்: நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னால் தள்ளாடாமல் நடக்கிறாரா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறதா? வாந்தி, இருமல் உண்டா?

மஞ்சப்பை:
நடக்கச் சொல்லிப் பார்த்தேன், நேராக நடக்கிறார். உட்கார்ந்தால் மூச்சு சாதாரணமாகத்தான் இருக்கிறது. வாந்தி, இருமல் இல்லை. கையில் பாராசிட்டமால் இருக்கிறது. உயரத் தொல்லைக்குக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை வாங்கிப் போடலாமா?

மலையேறி:
நல்லது. பாராசிட்டமால் போடலாம். தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும், வலுக்கட்டாயமாக லிட்டர் கணக்கில் வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது, இரவில் மூச்சு இன்னும் மட்டுப்படும். அசெட்டசோலமைடை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், உட்கார்ந்த இடத்தில் மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், உயரத்திலிருந்து இறங்குங்கள். அந்த அளவுக்குப் போகாமல், ஆனால் நாளை மறுநாளும் தலைவலி விடவில்லை என்றால், லா ஓஃபேலியா பேருந்து நிலையத்திலிருந்து மிந்தோவுக்குப் பேருந்து ஏறுங்கள். இரண்டு மணி நேரம்தான், உயரம் 1,250 மீட்டர் அளவு. மேகக்காடு, பறவைகள், ஓடை. உடம்பு தேறவும் ஆகும், பயணத்துக்கும் நஷ்டமில்லை.

ஃபியூஸ்கட்டை:
கெட்டில் பழுதாகவில்லை. அடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள், 220–240 வோல்ட் என்றுதான் இருக்கும். அங்கே வருவது 120 வோல்ட். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. மின்னழுத்தம் பாதியானால் சூடேற்றும் திறன் பாதியாகாது, கால்வாசிதான் மிஞ்சும். ஆயிரம் வாட் கெட்டில் 270 வாட் கெட்டிலாகிவிட்டது. தண்ணீர் சூடேறுவது ஆமை வேகத்தில்தான் நடக்கும். போன், லேப்டாப் சார்ஜர்களில் 100–240 என்று போட்டிருக்கும், அவற்றைக் கவலையில்லாமல் செருகலாம். கெட்டிலுக்காக டிரான்ஸ்பார்மர் வாங்குகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். அந்த வாட்டுக்கு வாங்கினால் உங்கள் பையைவிட அது கனக்கும்.

பருப்புக்குக் காரணம் வேறு. அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் அதிகம் போகும், சூடு ஏறாது. துவரம்பருப்புக்கு அது போதாது.

மஞ்சப்பை:
அடியில் 230 வோல்ட் என்று இருக்கிறது! அப்படியானால் இங்கே இருப்பவர்கள் பருப்பு வகைகளை எப்படிச் சமைக்கிறார்கள்?

கறிவேப்பிலை:
நம்மைப் போலவே குக்கரில்தான். ஹாஸ்டலில் ‘ஓயா தெ பிரெசியோன்’ இருக்கிறதா என்று கேளுங்கள். பல வீடுகளில் இருக்கும் சாமான்தான். இல்லையென்றால் மைசூர்ப் பருப்பு வாங்கி ஊறவைத்து வேகவையுங்கள், அது வெந்துவிடும். அரிசியையும் அரைமணி ஊறவைத்து, தண்ணீர் கொஞ்சம் கூட்டி, கனமான மூடி போடுங்கள். முட்டை வேகவும் கூடுதல் நேரமாகும்.

வெளியில் சாப்பிடுவதென்றால் ‘லோக்ரோ தெ பாப்பா’ கேளுங்கள். உருளைக்கிழங்கும் சீஸும் சேர்ந்த கெட்டி சூப், மேலே அவகாடோ துண்டுகள். உடம்பு சரியில்லாதவருக்கு இதமாக இறங்கும். ‘சின் கார்னே’ (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், கோழியும் டூனாவும் வந்து உட்காரும். ‘சின் போயோ, சின் பெஸ்காதோ’ (கோழி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். கோழிச்சாறில் செய்த சூப்பா என்றும் கேட்டுவிடுங்கள். யாப்பிங்காச்சோ என்ற உருளைக்கிழங்கு வடையைச் சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் போட்டெடுப்பார்கள். தெருவில் வாங்கலாம் என்றால் சோச்சோஸ் என்ற அவித்த பயறு, கூட வறுத்த சோளம். வெங்காயம், எலுமிச்சை போட்டுத் தருவார்கள், நம் சுண்டலேதான்.

மலையேறி:
20 டாலர் விஷயம். ஈக்வடார் 2000-இல் தன் நாணயமான சூக்ரேயைக் கைவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறிய நாடு. நோட்டு மொத்தமும் வெளியிலிருந்து வர வேண்டும், அதனால் சில்லறைக்கு எப்போதும் பஞ்சம், கள்ளநோட்டுப் பயம் வேறு. சின்னக் கடையில் 20 கொடுத்தால் முகம் சுளிப்பார்கள், 50, 100 என்றால் தொடவே மாட்டார்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டில் ஏதாவது வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், பொன்னிற ஒரு டாலர் நாணயம் கைக்கு வந்தால் சந்தேகப்படாதீர்கள், அது செல்லும். அமெரிக்காவிலேயே யாரும் சீந்தாத அந்தக் காசு இங்கே சக்கைப்போடு போடுகிறது. மெட்ரோ 45 சென்ட்தான், காசு சேர்த்து வைத்தால் உதவும்.

மஞ்சப்பை:
குக்கர் கிடைத்துவிட்டது, பரண்மேல் இருந்ததாம். அவர் லோக்ரோ ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார், தலைவலி குறைந்திருக்கிறது. நாளைக்கு எங்கே போகலாம், சொல்லுங்கள்.

மலையேறி:
தலைவலி முழுக்கப் போயிருந்தால் மித்தாத் தெல் முந்தோ. பூமத்தியரேகை நினைவுச்சின்னம் இருக்கும் அந்த இடம் கித்தோவைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு. உண்மையான ரேகை சுமார் 240 மீட்டர் தள்ளிப் போகிறது என்று ஜிபிஎஸ் காட்டிக்கொடுத்துவிட்டது. இருந்தாலும் கோட்டின்மேல் நின்று படம் எடுக்கத்தான் எல்லோரும் போகிறார்கள், நீங்களும் எடுங்கள். தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம், மேகமாக இருந்தாலும் தோல் கருகும்.

பனெசீயோ குன்றுக்குப் பழைய நகரத்திலிருந்து படிக்கட்டு இருக்கிறதே என்று நடந்து ஏறாதீர்கள், வழிப்பறி நடக்கும் பாதை அது. டாக்ஸியில் போய் அதே டாக்ஸியில் திரும்புங்கள். கேபிள் காரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிட்டால் காசு கொடுத்துக் குளிரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.