டிராக் டே பூட்ஸ்: உப்புக்காத்துல எது தாங்கும்?

தேவிபட்டினம் ரைடர்:
இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல நம்ம பைக்கையே ஓட்டுற டிராக் டேக்கு பூட்ஸ் வாங்கணும். மத்த நாள் தனுஷ்கோடி ரோட்டுலயும் அதேதான். கணுக்கால் மூடுற ஷார்ட் பூட்ஸ் போதுமா அண்ணே?

மண்டபம் மெக்கானிக்:
டிராக்குக்குப் போதாது தம்பி. பாதி கெண்டைக்கால் வரை ஏறணும். உள்ளே இஎன் 13634 லேபிள் பாருங்க, பைக் பூட்ஸுக்கான ஐரோப்பியத் தரம் அது. நாலு எண் இருக்கும்: உயரம், உராய்வு, வெட்டு, குறுக்கு விறைப்பு. ஒவ்வொண்ணும் 1 இல்லேன்னா 2. நாலாவது 2 இல்லேன்னா வச்சிட்டு வந்துருங்க. பைக் மேல விழும்போது பாதம் நசுங்காம காக்குறது அந்த விறைப்புதான். கணுக்கால் பேடுக்கு ஐபிஏ குறி தனியா இருக்கணும்.

சாயங்காலம் கால் லேசா வீங்கினப்புறம், ரைடிங் சாக்ஸோட போட்டுப் பாருங்க. குதிகால் தூக்கக் கூடாது. முனை தடிச்சு கியர் லீவருக்கு அடியில நுழையலேன்னா லீவரைக் கொஞ்சம் ஏத்திக்கலாம்.

கீழக்கரை 390:
காத்து போக ஓட்டை போட்ட மாடல் நம்ம பக்கம் வேண்டாம், தனுஷ்கோடி மணல் உள்ளே போயிரும். டோ ஸ்லைடர் (முனையில தரையில உரசுற தேய்மானத் துண்டு) ஸ்க்ரூ துருப்பிடிச்சா கழட்டவே வராது. வாங்குன அன்னைக்கே மரையில கிரீஸ் தடவுங்க. ஓட்டி வந்ததும் ஜிப்பை நல்ல தண்ணியில ஈரத்துணி வச்சுத் துடைச்சு, நிழல்ல காய வைங்க.

தேவிபட்டினம் ரைடர்:
பழசு ஒண்ணு மலிவா வருது. எடுக்கலாமா?

மண்டபம் மெக்கானிக்:
பூட்ஸோட அடிப்பாகத்தை (சோல்) வளைச்சுப் பாருங்க. அது பாலியூரித்தேன்னா (ஒரு வகை பிளாஸ்டிக்) ஈரக்காத்துல சும்மா கிடந்தாலே உதிரும். வெடிப்பு தெரிஞ்சா விட்டுருங்க.