வள்ளி திருமணம்: மூன்று பதிப்பு, மூன்று பாட்டு வரிசை. எதை நம்புவது?

கூத்துமேடை:
கல்லூரி மன்றத்துக்காக நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' போடுகிறோம், ஒன்றரை மணி நேரம். கையில் இருக்கும் மூன்று பதிப்பிலும் பாட்டு வரிசை வேறு, ஒன்றில் வசனமே பாதி இல்லை. அசல் எது? எதை வெட்டலாம்?

விருத்தப்பித்தன்:
'அசல்' என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. காரணம் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு கற்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். முதலில் நடிகர்: இரணியன், எமன், சனீஸ்வரன் மாதிரி முரட்டு வேஷங்கள். எமனைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததால்தான் வேஷம் போடுவதை விட்டார் என்று சொல்வார்கள். எப்படியோ, அதன்பின் அவர் வாத்தியார், அதாவது நாடகம் எழுதிப் பயிற்றுவிப்பவர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் லயம் பழகியதன் பலன் அவர் சந்தங்களில் தெரியும்.

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பெரிய நடிகர்கள் மேடையில் இஷ்டத்துக்குப் பாட்டைச் சேர்ப்பார்கள், எதிராளியை மடக்குவதற்காகத் தர்க்கத்தை (பாட்டிலும் வசனத்திலும் நடக்கும் வாதத்தை) இழுப்பார்கள். எழுதியது எழுதியபடி நடக்க வேண்டுமென்றால் சிறுவர்கள்தான் வழி. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை பிறந்தது இப்படித்தான். பின்னாளில் நாடகக்குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். அந்தப் பையன்களுக்காக 'அபிமன்யு சுந்தரி'யை நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளோடு ஒரே இரவில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியதை அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் பதிவு செய்திருக்கிறார். 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் மறைந்தார். சமாதி கருவடிக்குப்பத்தில்.

பின்பாட்டு:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. பாலர் சபையில் பிரதி கட்டுப்பாட்டில் இருந்தது சரி, ஆனால் அதே பிரதியை ஸ்பெஷல் நாடகக்காரர்கள் (நிலையான குழு இல்லாமல் அன்றைக்கு மட்டும் சேர்ந்து ஆடுபவர்கள்) வேறு மாதிரி பயன்படுத்தினார்கள். ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் (கோமாளி) இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடையேறி விடியவிடிய நடத்துகிறார்கள் என்றால், எல்லாருக்கும் சுவாமிகள் பாட்டு மனப்பாடம் என்பதால்தான். அவரவர் சேர்த்ததும் அச்சில் ஏறிவிட்டது. உங்கள் மூன்று பதிப்பும் அந்த வகை.

வெட்டும்போது கவனிக்க வேண்டியது: விருத்தத்தையும் (தாளமில்லாமல் ராகமாகப் பாடும் செய்யுள்) அடுத்து வரும் பாட்டையும் பிரிக்காதீர்கள். விருத்தத்தில்தான் ராகம் நிலைக்கும், ஹார்மோனியக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு பாட்டை எடுப்பார். விருத்தத்தைத் தூக்கினால் பாட்டு அந்தரத்தில் தொடங்கும். வசனத்தின் கடைசி வரியும் அப்படியே, பாட்டைத் தொடங்குவதற்கான எடுப்பு அதில்தான் இருக்கும். வசனத்தை நடுவில் வெட்டுங்கள், வாலில் வேண்டாம்.

90 நிமிடத்துக்கு என் கணக்கு: தொடக்கம் 10, நாரதர்–வள்ளி தர்க்கம் 25, வேடன் 25, கிழவரும் யானையும் 20, கல்யாணம் 10. பபூன் பகுதியை விடலாம். தர்க்கத்தை மட்டும் 15-க்குக் குறைக்காதீர்கள், கேள்விக்குப் பதில் மடங்கித் திரும்புவதுதான் நாடகமே.

கூத்துமேடை:
நன்றி. வேலனாக நடிப்பவருக்குச் சுருதி 1 கட்டை, வள்ளிக்கு 5 கட்டை (கட்டை எண் கூடினால் சுருதி உயரம்). இருவரும் தர்க்கம் செய்யும் பாட்டில் முட்டுகிறது.

பின்பாட்டு:
முட்டத்தான் செய்யும். தனிப்பாட்டுகளில் அவரவர் சுருதி இருக்கட்டும். இருவரும் மாறிமாறிப் பாடும் கண்ணிகளுக்கு (சிறு அடிகளுக்கு) மட்டும் ஒரே சுருதி, இருவருக்கும் நடுவில் 3 கட்டை வைத்துப் பாருங்கள். வள்ளி கொஞ்சம் கீழே இறங்குவாள், பரவாயில்லை. மாற்றத்தைப் பாட்டு நடுவில் செய்யாதீர்கள், வசனம் ஓடும்போது ஹார்மோனியம் புது சுருதியை மெல்லப் பிடித்து நிற்கட்டும். மிருதங்கம் இரண்டு இருந்தால் நல்லது. ஒன்றையே அவசரமாகச் சுருதி ஏற்றினால் வலந்தலை (வலது பக்கத் தோல்) இறங்கிவிடும்.

விருத்தப்பித்தன்:
வேலன் பாடும் "காயாத கானகத்தே"யை அவன் சுருதியிலேயே விடுங்கள். அதை மாற்றினால் சபை எழுந்து போய்விடும்.