அப்டேட்: பையன அடிச்ச கபடி கோச் விஷயம்

போன மாசம் இங்க புலம்பியிருந்தேன்ல, பதினோரு வயசுப் பையன் கெண்டைக்கால்ல ஸ்கிப்பிங் கயிறு தடிப்போட வந்தான், கேட்டா "விழுந்துட்டேன்ப்பா"ங்கிறான்னு, அதோட அப்டேட் இது.

நிறைய பேரு நேரா போய் சட்டையப் பிடிங்கன்னீங்க, எனக்கும் கை துறுதுறுன்னுதான் இருந்துச்சு, வீட்டம்மா விடல. மொதல்ல தடிப்ப போட்டோ எடுத்து டாக்டர்ட்ட காட்டி சீட்டு வாங்கிட்டு, கூட ஆடுற பசங்க வீட்டுக்கெல்லாம் பேசினா ஆறு வீட்லயும் இதே கதை! ஒரு அம்மா மட்டும் "அடிச்சாத்தான்ண்ணே ஸ்டேட் டீமுக்குப் போவான்"னாங்க, என்னத்த சொல்ல.

குழந்தைகளுக்கான உதவி நம்பர் 1098க்கு போன் போட்டேன், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனுவும் குடுத்தோம். 2015 சிறார் நீதிச் சட்டம் 75வது பிரிவுல, பிள்ளைய பாத்துக்கிற பொறுப்புல இருக்கவங்களே கொடுமைப்படுத்தினா 3 வருசம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு. இத சொன்னதும், அதுவரைக்கும் "டிசிப்ளின் சார்"னு பேசிட்டிருந்த அகாடமி ஓனர் ஜிகர்தண்டா வாங்கிக் குடுக்காத குறைதான். கோச்ச நிறுத்திட்டாங்க, விசாரணை போயிட்டிருக்கு.

பையன் இன்னும் அந்தப் பக்கம் போகல. நேத்து சாயங்காலம் தெருப் பசங்களோட ஆடிட்டு முழங்காலெல்லாம் மண்ணா வந்தான், நான் ஒண்ணும் கேக்கல.