இஃப் போட்டா வில்லா வுட்டா? மெயில்ல குழம்புது, யாராவது சொல்லித்தாங்க

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், படிச்சது தமிழ் மீடியம், தினமும் பையருக்கு இங்கிலீஷ்லதான் மெயில் போடணும். போன வாரம் லேப் டிப் (கலர் சரியான்னு பாக்க சாயம் போட்டு அனுப்பற சாம்பிள் துணி) அப்ரூவலை சீக்கிரம் குடுங்கன்னு கேட்டு "இஃப் வி காட் தி அப்ரூவல் பை மண்டே, வி வுட் ஷிப் ஆன் தி ட்வென்டியத்"னு எழுதுனேன். வுட் போட்டா மரியாதையா இருக்கும்னு நெனச்சுத்தான் போட்டேன். அந்த பையரம்மா உடனே, 20ஆம் தேதி சரக்கு போகுமா போகாதா, ஏதாவது பிரச்சனையான்னு கேட்டு எங்க மேனேஜரையும் சிசில போட்டுட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னே புரியல. இஃப் வர்ற வாக்கியத்துக்கு ஸீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு கண்டிஷனல்னு இருக்கற டேபிள் மனப்பாடமா தெரியும், ஆனா எழுத உக்காந்தா எது எங்க வரும்னு கை நிக்குது.

சாக்பீஸ்:
தம்பி, நீங்க எழுதுனது இலக்கணப்படி சரிதான், ஆனா அது சொல்ற சேதி வேற. காட், வுட்னு வந்தா அந்தம்மாவுக்கு "திங்கக்கிழமைக்குள்ள எங்க வரப்போகுது, அப்படி வந்தா அனுப்பலாம்"ங்கற மாதிரி கேக்கும். அதான் பதறிட்டாங்க.

நம்ம தமிழ்ல இந்த வித்தியாசம் வெளியில தெரியாது. "காசு இருந்தா வாங்குவேன்"னு பர்ஸைத் தடவிப் பாத்துக்கிட்டே சொல்றவரும் சொல்வார், கையில சல்லிக்காசு இல்லாம கடை வாசல்ல நின்னு ஏங்கறவரும் அதையேதான் சொல்வார். இங்கிலீஷ்ல முதல் ஆளு "இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை இட்", ரெண்டாவது ஆளு "இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை இட்". அதனால எழுதறதுக்கு முன்னாடி டேபிளை யோசிக்காதீங்க, இது நடக்கும்னு நம்பி சொல்றேனா, இல்ல சும்மா கற்பனையா சொல்றேனான்னு மட்டும் கேட்டுக்கோங்க. தேர்டு நமக்கு ஏற்கெனவே இருக்கு, "காசு இருந்திருந்தா வாங்கியிருப்பேன்". அந்த இருந்திருந்தா வாயில வந்தா கண்ண மூடிட்டு "இஃப் ஐ ஹேட் ஹேட் மணி, ஐ வுட் ஹேவ் பாட் இட்".

நாளைக்கு நடக்கறதுக்கு எதுக்கு பாஸ்ட் டென்ஸ்னு பசங்க எல்லாரும் கேப்பாங்க. நாமளும் அதைத்தானே பண்றோம், "நாளைக்கு வந்தா"ங்கறதுல இருக்கற வந்த், வந்தான் வந்தாள்ல இருக்கற அதே இறந்தகால வந்த்தான். நமக்கு அது உறுத்தறதே இல்ல.

மரியாதைக்கு வுட் வேணும்னா "வி வுட் அப்ரிஷியேட் இட் இஃப் யூ குட் சென்ட் தி அப்ரூவல் பை மண்டே"னு எழுதுங்க, அது அழகா இருக்கும். தேதி குடுக்கற வரில மட்டும் வில்.

ரயில்பயணி:
சார் சொன்னது அருமை. நான் ஒண்ணு சேத்துக்கறேன், அன்லெஸ்ல ரொம்ப ஜாக்கிரதை. பேங்க் எக்ஸாமுக்கு படிக்கறப்ப எர்ரர் ஸ்பாட்டிங்ல திரும்பத் திரும்ப மாட்டுனது இதுலதான். நமக்கு "பண்ணாட்டா"ங்கற வார்த்தைக்குள்ளயே இல்லைங்கறது இருக்கு, அதை அப்படியே மாத்தறப்ப அன்லெஸும் போட்டு டோன்ட்டும் போட்டுடறோம். நூல்கண்டு வேலைலயே பாருங்க, "கன்ஃபர்ம் பண்ணாட்டா கட்டிங் ஆரம்பிக்க மாட்டோம்"ங்கறதை "அன்லெஸ் யூ டோன்ட் கன்ஃபர்ம், வி வில் நாட் ஸ்டார்ட் கட்டிங்"னு எழுதுனா, நீங்க கன்ஃபர்ம் பண்ணலைன்னாத்தான் துணியை வெட்டுவோம்னு அர்த்தம் தலைகீழாயிடும், ஆர்டர் என்னாகும்! "அன்லெஸ் யூ கன்ஃபர்ம்" போதும். அப்புறம் ஒருவேளைங்கறதுக்கு இஃப் சப்போஸ்னு ரெண்டையும் சேத்துப் போடறோமே, ஏதாவது ஒண்ணு போதும்.

பிராக்டிஸுக்கு நான் பண்ணது, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அன்னைக்கு நடந்த ஒரே விஷயத்தை ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டுன்னு மூணு விதமா எழுதுவேன், பஸ்ஸை விட்டதுன்னா பஸ்ஸை வெச்சே மூணும். புக்ல இருக்கற கோடிட்ட இடத்தை நிரப்பறதைவிட இது எனக்கு நல்லாவே நின்னுச்சு.

நூல்கண்டு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க, கடை வாசல்ல ஏங்கறவரை நெனச்சதும் சட்டுனு புடிபட்டுருச்சு. எழுதிப் பாத்தேன், சரியான்னு சொல்லுங்க.
இஃப் தி யார்ன் வில் கம் டுமாரோ, வி வில் ஸ்டார்ட் நிட்டிங்.
இஃப் ஐ வேர் தி பையர், ஐ வுட் ஆஸ்க் தி சேம் கொஸ்டின்.
இஃப் ஐ வுட் ஹேவ் நோன் திஸ், ஐ வுட் நாட் ஹேவ் ரிட்டன் தட் மெயில்.

சாக்பீஸ்:
நடுவுல இருக்கறது அப்படியே சரி, ஐக்கு வேர் போட்டிருக்கீங்க பாருங்க, சந்தோஷம். மத்த ரெண்டுலயும் ஒரே கோளாறு, இஃப் இருக்கற பாதிக்குள்ள வில்லையும் வுட்டையும் விட்டுட்டீங்க. "இஃப் தி யார்ன் கம்ஸ் டுமாரோ", "இஃப் ஐ ஹேட் நோன் திஸ்". அமெரிக்காக்காரங்க பேச்சுல இஃப் ஐ வுட் ஹேவ்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க, மெயில்ல வேண்டாம். நாளைக்கு நீங்க நெஜமாவே பையருக்கு அனுப்பப்போற வரி மூணு எழுதிப் போடுங்க, ராத்திரி வந்து பாக்கறேன்.