கிருஷ்ணகிரி டு லண்டன்: டிக்கெட்டில் இருக்கும் நேரமும் நிஜ நேரமும்

"மதியம் 1 மணிக்கு பெங்களூரில் ஏறினால் சாயங்காலம் 6.30க்கு லண்டன், அஞ்சரை மணி நேரம்தானே அண்ணா?" என்று இங்கே லண்டனுக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஊர்க்காரத் தம்பி ஒருவர் கேட்டார். இல்லை தம்பி, டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் இந்தியா அஞ்சரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அதையும் கூட்டினால் 11 மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், அதிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணிதான்.

தூரம் சுமார் 8,000 கிலோமீட்டர். போக பத்தரை, பதினொன்று ஆகும், ஆனால் ஊருக்குத் திரும்பும்போது பெரும்பாலும் ஒரு மணி நேரமாவது குறையும். பத்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது, ஊருக்கு வரும்போது அது பின்னாலிருந்து தள்ளுகிறது, லண்டன் போகும்போது எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிற கதைதான்.

துபாய் வழியாகப் போனால் சுற்று என்று பயப்படுகிறார்கள். பெங்களூரு துபாய் 2,700, துபாய் லண்டன் 5,500, மொத்தம் கூட்டிப் பார்த்தால் தூரம் இருநூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. நேரத்தைத் தின்பது நடுவில் உட்கார்ந்திருப்பதுதான். காத்திருப்பு இரண்டரை மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் வயசானவர்களுக்குப் போடாதீர்கள், முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலும் அவ்வளவு பெரிய இடத்தில் ஓட வேண்டியிருக்கும்.

ஆனால் நான் மாட்டிக்கொண்டது இது எதிலும் இல்லை. அப்பா அம்மாவுக்கு முதல் தடவை டிக்கெட் போட்டபோது நேரம் ஞாயிறு 04:10. நானும் போனில் "ஞாயித்துக்கிழமை நாலு மணி ஃபிளைட்" என்று சொல்லிவிட்டேன். இங்கே சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி, அங்கே ஞாயிறு விடிந்திருக்கும், "ஏறியாச்சா?" என்று கூப்பிட்டால் அம்மா காவேரிப்பட்டணம் வீட்டில் நிதானமாக ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறார். "சாயங்காலம்தானே, இன்னும் குளிக்கவே இல்லையே!" விமானம் கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது, பணமும் என்னுடையது.

அதனால் வீட்டுக்குச் சொல்லும்போது விமான நேரத்தைச் சொல்லவே வேண்டாம், வண்டி ஏற வேண்டிய நேரத்தைச் சொல்லுங்கள். ஏர்போர்ட் தேவனஹள்ளியில் இருக்கிறது, அதாவது நகரத்துக்கு அந்தப் பக்கம். ஓசூர், அத்திப்பள்ளி டோல் தாண்டி முழு பெங்களூரையும் குறுக்கே கடக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் இருந்து 130 கிலோமீட்டர் போல வரும், இரவில் இரண்டரை மணி நேரத்தில் போகிற தூரம் சாயங்கால டிராஃபிக்கில் நாலு மணி நேரமும் இழுக்கும். விடியற்காலை 4 மணி விமானம் என்றால் 1 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், அப்போ வழியில் தாமதமானாலும் சமாளிக்கிற மாதிரி சனிக்கிழமை இரவு 9க்குக் கிளம்பணும். தர்மபுரிக்காரர்கள் 8 மணிக்கே.

இப்போதெல்லாம் அப்பாவுக்கு நான் அனுப்பும் மெசேஜ் ஒரே வரிதான்: "சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு, 9 மணிக்கு வண்டி."